யோபின் பத்துப் பிள்ளைகள்

பாட்டிமாரின் பக்தியைப் பற்றி நம்மவரிடையே இரண்டு விதமான பேச்சுகள் வழங்குகின்றன. ஒன்று கோயில் மேடையிலிருந்து வருவது. குடும்ப செபத்தைக் காத்து நிற்கும் தூண்கள் என்றும், விசுவாசத்தின் ஊற்றுகள் என்றும் அது அவர்களைப் புகழ்கிறது. மற்றொன்று நமது வட்டாரங்களில் எழுவது. பழைய தலைமுறையின் மயக்கம், படிப்பறிவு பரவினால் தானே மறையும் என்று அது கூறுகிறது. முதற் சாரார் மூதாட்டியை வணங்கிவிட்டு அப்பாற் செல்கின்றனர். இரண்டாஞ் சாரார் புன்னகைத்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். இரு சாராரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. அவர் பக்கத்தில் அமர்ந்து, பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லுவது யாது என்று கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் நமது முடிவுகள் சற்று ஆட்டங் காணும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனைப் பொதுப்படப் பேசுவதிலே பயனில்லை. ஓர் ஊரையும் ஒரு வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டு நோக்குவோம்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறம் எழுவான்கரை, மேற்குப் புறம் படுவான்கரை. எழுவான்கரையின் பெரும் பகுதி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணற்றிட்டு. இடையே புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் அங்கே கோட்டை கட்டினர். பத்தாண்டு கழித்து 1638இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். வில்லியம் ஓல்ற் என்ற மெதடிஸ்த போதகர் 1814இல் அங்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே அந்த மண்ணில் உயிர் நீத்தார். புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. பின்னாளில் விபுலானந்த அடிகளாக விளங்கிய காரைதீவுச் சிறுவன் கல்வி கற்ற கூடங்களுள் அதுவும் ஒன்று. இவ்வாறு இந்துக்களும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராக வாழும் நிலத்திலே கிறிஸ்தவர் ஒரு சிறு தொகையினராக, அயலவரோடு அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்து வருகின்றனர்.

இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். மட்டக்களப்பிலே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சேர்கின்றன. குடி தாய்வழியே வருகிறது. இவ்வழக்கு தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொது. ஆகவே அம்மம்மா என்பவர் இங்கே மகனின் தயவில் மூலையிலே ஒதுங்கிக் கிடக்கும் முதியவள் அல்லர். வீடு அவர் கொடுத்த வீடு. மாலை செபம் எப்போது தொடங்கும், எது சொல்லப்படும், எது சொல்லப்படாது என்று தீர்மானிப்பவர் அவரே. வீட்டின் நினைவு அவர் கையில் இருக்கிறது.

அண்மைக் காலப் பொருளாதாரம் இந்த அதிகாரத்தைச் சுமையாகவும் மாற்றியுள்ளது. 1980களிலிருந்து இப்பகுதியின் தாய்மார் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போயினர், இன்றும் போகின்றனர். பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உறங்க வைக்கும் தொழிலுக்காகத் தம் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுச் செல்கின்றனர். குடும்ப நேரம் என்று இன்று பெருமையாகப் பேசப்படுவது, இத்தகைய வீடுகளிலே அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் கூடியிருக்கும் நேரமேயாகும். தாயின் குரல் தொலைபேசியிலிருந்து வருகிறது.

நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் உளர். கத்தோலிக்கர். நாடு சுதந்திரம் பெற்ற 1948இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆயினும் வேதாகமத்தைத் தாமே வாசிப்பவர். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி கூரையைத் தூக்கி எறிந்தபோது கைக்குழந்தையோடு பாடசாலைக் கட்டிடம் ஒன்றில் ஒதுங்கியவர். விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்பு என்று ஒன்று இருக்கவில்லை என்பார். 1990இல் வீட்டைவிட்டுப் புறப்பட்ட தம்பி இன்றுவரை திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அவர் புளியந்தீவுக்குச் சென்றிருந்தார். மூத்த மகள், காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு கடலோர வீட்டில் தங்கிவிட்டாள். தாயையும் பிள்ளையையும் கடல் கொண்டது.

அவருடைய வாழ்வில் ஒரு மூதாட்டிக்கு நேர்ந்த தனித் துயரை மட்டும் நாம் காணவில்லை. இத்தேதிகளைப் பெரும்பாலும் அப்படியே சொல்லக்கூடிய வீடுகள் வாவியின் இரு கரையிலும் நிறைய உண்டு.

கடல்கோளுக்குப் பிந்திய வாரங்களிலே கோயில்களில் சாட்சி சொல்லுதல் பெருகியது. ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை, அலை எங்கள் வாசலோடு நின்றது, பூசைக்குப் போனதால் பிழைத்தோம் என்றெல்லாம் மக்கள் எழுந்து நின்று சொன்னார்கள். பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. அதனைக் குறை கூறும் உரிமை நமக்கில்லை. இந்த மூதாட்டியையும் சாட்சி சொல்லும்படி அயலவர் கேட்டனர். பூசைக்குப் போனவரை ஆண்டவர் காத்தார் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று வேறு யார்? அவர் எழுந்திருக்கவில்லை. "என்னைக் காப்பாத்தினார் எண்டு சொன்னா, வீட்டில கிடந்த புள்ள என்ன பிழை செய்தது எண்டு சொல்ல வேணுமே. அதை நான் சொல்லமாட்டன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்திலே அறவியலின் பெரிய வினா ஒன்று அடங்கியிருக்கிறது. 1755 நவம்பர் 1ஆம் நாள் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. அன்று சகல புனிதர் திருநாள்; கோயில்கள் நிறைந்திருந்தன. எல்லாம் நன்மைக்கே என்று விளக்கங் கூறியோரை நோக்கி வால்ட்டேர் அடுத்த ஆண்டில் ஒரு கவிதையில் கேட்ட கேள்வியும், பின்னர் 1759இல் 'கண்டீட்' கதையிலே எள்ளி நகையாடிக் கேட்ட கேள்வியும் இதுவே. வால்ட்டேர் அதனைச் சமயவாதிகளுக்கு எதிராகக் கேட்டார். நமது மூதாட்டியோ செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். விசுவாசத்தைக் கைவிட்டவர் கேட்பதைவிட, விசுவாசத்துக்குள் நின்று கேட்பது ஒரு வகையில் கடினமானது. ஏனெனில் கேட்டவர் மறுநாளும் அதே கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நன்றிக்கும் உரிமை கொண்டாடுதலுக்கும் இடையே உள்ள கோடு இங்கேதான் விழுகிறது. நான் உயிரோடிருக்கிறேன் என்பதற்காக நெஞ்சு நெகிழ்வது நன்றி. நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன் என்று சொல்லத் தொடங்கியவுடன், தேர்ந்தெடுக்கப்படாதவர் என ஒரு கூட்டத்தை நாம் படைத்துவிடுகிறோம். அக்கூட்டத்தில் அயல்வீட்டுக் குழந்தை கிடக்கிறது.

இத்தோடு வேறொரு கொடுமையும் நேர்கிறது. அன்று சுமாத்திராக் கடலில் நிலம் அதிர்ந்ததற்கும் கிழக்குக் கரையை அலை எட்டியதற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. பசிபிக் கடலோரத்திலே 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்கி வந்தது. இந்துமாக்கடலின் ஏழை நாடுகளுக்கு அப்படியொன்று இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலையை எவரும் தடுத்திருக்க இயலாது. மக்களை அகற்றியிருக்க இயலும். எல்லாம் அவன் சித்தம் என்று முடித்துவிட்டால், இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லாமற் போகிறது.

ஆயின் மூதாட்டி தம் பேரப்பிள்ளைகளுக்கு எதைத்தான் சொல்லுகிறார்? அவர் அடிக்கடி சொல்லுவது யோபின் கதை.

கதை யாவரும் அறிந்ததே. நீதிமானாகிய யோபுக்கு ஏழு புதல்வர், மூன்று புதல்வியர். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம். எல்லாம் ஒரே நாளில் அழிகின்றன. நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்குகின்றனர். யோபு ஒப்புக்கொள்ளவில்லை, கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். இறுதியிலே கடவுள் கண்டிப்பது, விளக்கம் சொன்ன நண்பர்களையே. பின்னர் யோபு இழந்தவை இரண்டு மடங்காகத் திரும்புகின்றன. பதினாலாயிரம் ஆடு, ஆறாயிரம் ஒட்டகம். பிள்ளைகள் மட்டும் மறுபடியும் ஏழு புதல்வர், மூன்று புதல்வியர்.

கோயிற் பிரசங்கங்களிலே இக்கதை பொறுமைக்குக் கிடைத்த பரிசாக முடிகிறது. இந்த வீட்டுத் திண்ணையில் அப்படி முடிவதில்லை. அம்மம்மா பேரப்பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்கிறார்: "ஆட்டையும் ஒட்டகத்தையும் ரெண்டு மடங்காக் குடுத்தவர், பிள்ளைகள மட்டும் ஏன் மனே இருபதாக் குடுக்கல்ல?" பிள்ளைகள் விழிக்கின்றனர். அவரே விடை சொல்லுகிறார்: "செத்த ஆடு செத்ததுதான். அதுக்கு ரெண்டு மடங்கு. செத்த பிள்ளைகள் கணக்கில இருந்து போகல்ல. பழைய பத்து, புதுப் பத்து. இப்ப எண்ணிப் பாருங்க."

வேதாகம அறிஞர்களும் பழைய உரையாசிரியர்களும் இவ்விளக்கத்தை முன்னரே கூறியுள்ளனர். மூதாட்டி அதை எங்கே கேட்டார், தாமே கண்டாரா என்பது நமக்கு முக்கியமன்று. அவர் அதனை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதே முக்கியம். செபமாலை முடிந்த பின் அவ்வீட்டில் பெயர்கள் சொல்லப்படுகின்றன. மகளின் பெயர், பேரக்குழந்தையின் பெயர், தம்பியின் பெயர், சூறாவளியில் மாண்ட அயலவர் பெயர்கள். இறந்தவர்களுக்காக மன்றாடுதல் எல்லாக் கத்தோலிக்க வீடுகளிலும் உள்ளதே. இங்கே வழக்கத்துக்கு மாறானது, அந்த வரிசையில் இடம்பெறும் ஒரு முஸ்லிமின் பெயர். காத்தான்குடியிலிருந்து தவணைக்குப் புடவை கொண்டுவந்து கொடுத்த வியாபாரி அவர். புடவைக் காக்கா என்றே அவ்வளவில் அவரை அழைத்தனர். சூறாவளிக்குப் பின்னர் மூன்று மாதம் தவணைப் பணம் கேளாமல் இருந்தவர். 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் இரவுத் தொழுகையிலே, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டினுள் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றபோது அவரும் மாண்டார்.

அந்த ஆண்டின் ஏனைய நாட்களையும் அவர் விடுவதில்லை. அதே ஆகஸ்டு 15ஆம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார், உடன் வந்த இளைஞரோடு காணாமற் போனார். 1948இல் இந்நாட்டுக்கு வந்து, மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அவரை இரு தலைமுறையினர் அறிவர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் குழந்தைகள் உட்பட 180க்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். படையினர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது, ஆணைக்குழு விசாரித்தது, எவரும் தண்டனை பெற்றிலர்.

வாவிக்கரையில் இருந்து பார்த்தால், இன்னும் ஒன்று புலனாகிறது. 1990இல் பள்ளிவாசலிலே தொழுதவர்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையிலே, புளியந்தீவு மரியாள் பேராலயத்தினுள் சுட்டுக் கொல்லப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலய முற்றத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுவர்கள். சில கிலோமீற்றர் சுற்றளவினுள், முப்பது ஆண்டுக்குள், மூன்று வழிபாட்டு இல்லங்களிலும் வழிபட வந்தவர்களே கொல்லப்பட்டனர். கொன்றவர்களின் கொடிகள் வேறு வேறு.

சீயோனில் முப்பதையொட்டிய உயிர்கள் போயின; ஏறத்தாழப் பாதி குழந்தைகள். குண்டு கொணர்ந்தவனை ஐயுற்று உள்ளே விடாது தடுத்து நின்றவரும் மாண்டார். அவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்ற செய்தி பரவியவுடன் ஊர் உறைந்தது. நெடுநாள் ஒருவர் கடைக்கு மற்றவர் போகவில்லை. சீயோன் புரட்டஸ்தாந்து சபை. கத்தோலிக்க மூதாட்டிக்கும் அச்சபையார்க்கும் வழிபாட்டு முறையில் உடன்பாடு இல்லை. எனினும் அன்று மாண்ட பிள்ளைகள் இருவரின் பெயர் மறுநாளே அவ்வீட்டு வரிசையிற் சேர்ந்தது.

அப்போது பதினேழு வயதுப் பேரன் சொன்னான்: "இனிப் புடவைக் காக்காட பேரைச் சொல்ல வேணாம் அம்மம்மா." அந்த வாரத்தில் அவன் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. அம்மம்மா சினக்கவில்லை. "அவர் தொழுதுகொண்டிருக்கக்குள்ள செத்தவர் மனே. இந்தப் பிள்ளைகளும் கோயில் வாசல்ல செத்ததுகள். ரெண்டையும் நான் எப்பிடிப் பிரிச்சு வைக்கிற?" என்றார். அன்றிரவு பேரன் செபத்துக்கு வரவில்லை. ஒரு மாதம்வரை வரவில்லை. பெயர் வரிசை மாறவில்லை.

ஓர் இளைஞனின் மனம் எத்திசை திரும்பும் என்பது, நாம் நடத்தும் கருத்தரங்குகளில் தீர்மானிக்கப்படுவதைவிட இத்தகைய திண்ணைகளிலேதான் பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. அதே கதையை வேறொரு முதியவர் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். நம் பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொள், அவர்களுடையவர் நம் கணக்கிலில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் வீடுகளும் மூன்று சமூகத்திலும் உண்டு. பாட்டியின் கதை என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. அதில் யார் எண்ணப்படுகிறார், யார் விடப்படுகிறார் என்பதே அதன் உரைகல்.

சமயத்தை அபினி என்றார் மார்க்ஸ். 1844இல் வெளிவந்த அக்கட்டுரையை முழுதும் படியாத பலர் அந்த ஒரு சொல்லை மட்டும் கைக்கொண்டனர். துன்புற்றவரின் துயரமும் அத்துயரத்துக்கு எதிரான முறைப்பாடும் சமயத்தினுள்ளே கலந்து கிடப்பதை அவர் அதே இடத்தில் கண்டு கூறியிருக்கிறார். முறைப்பாட்டை மறக்கச் செய்யும்போது அது மயக்க மருந்து. முறைப்பாட்டை நினைவில் வைத்திருக்கும்போது அதன் தொழில் வேறு. தொஸ்தோயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' 1880இல் வெளிவந்தது. அதில் வரும் இவான், வருங்காலத்தில் எத்தனை பெரிய இன்பம் வருவதாயினும், அதற்கு விலை ஒரு குழந்தையின் கண்ணீர் என்றால் அது தனக்கு வேண்டாம் என்கிறான். அவன் நாத்திகன் என்று நாம் அவனை நம்மவனாகக் கொள்கிறோம். செத்த பிள்ளைக்குப் புதிய பிள்ளை ஈடாகாது என்னும் வாவிக்கரை மூதாட்டியும் அதே வழக்கையே தொடுத்திருக்கிறார். வருங்காலச் சமுதாயத்தின் பெயரால் இன்றைய சாவுகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும் பழக்கம் நமது பக்கத்திலும் இருந்ததுண்டு. ஆகவே இவ்வழக்கில் நாமும் பிரதிவாதிகள்.

மூதாட்டியின் எண்ணம் முழுவதையும் நாம் ஏற்கிறோம் என்பதல்ல. இளைய மகள் ஆறு ஆண்டு வளைகுடா நாட்டில் உழைத்து, கூலியிற் பாதியை முகவருக்கும் கடனுக்கும் பறிகொடுத்துத் திரும்பியதை, 'ஆண்டவர் விட்ட வழி' என்றே அவர் சொல்லுகிறார். கடலையும் கொலையையும் பற்றிக் கேட்கத் துணிந்த கேள்வியைக் கூலியைப் பற்றி அவர் கேட்கவில்லை. சாவுக்குக் கணக்கு வைக்கும் அவர் உழைப்புக்குக் கணக்கு வைக்கவில்லை. மேலும், பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பதால் மட்டும் குற்றவாளி கூண்டில் ஏறுவதில்லை. பரராஜசிங்கம் கொலை வழக்கிலே, வழக்கை மேற்கொண்டு நடத்தப் போவதில்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு 2021 ஜனவரியில் கூறியது, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். செபமாலை அதனைத் தடுக்கவில்லை.

ஆயினும் நினைவு நீதிமன்றம்வரை சென்ற சந்தர்ப்பமும் உண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கை அரசின் கையில் இருந்தும் அது செயற்படவில்லை என்று, உறவினரை இழந்தோரும் குருமாரும் பிறரும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரி 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், பாதுகாப்பு அதிகாரிகளும் செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. பணம் எந்தக் குழந்தையையும் மீட்காது. ஆனால், இது கடவுளின் சித்தம் அன்று, கடமை தவறிய மனிதரின் குற்றம் என்பது நாட்டின் ஏட்டிலே பதிந்தது. வழக்காடியோருள் விசுவாசிகள் இருந்தனர். அவர்கள் விளக்கம் கூறிய நண்பர்களின் வழியில் நில்லாது யோபின் வழியில் நின்றனர் எனலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர்க்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. நமது வரலாற்றுப் பாடநூல்களிலே சத்துருக்கொண்டானும் இல்லை, காத்தான்குடிப் பள்ளிவாசலும் இல்லை. அவை முதியோரின் நாவிலேயே உள்ளன. அந்நாக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. 1948இல் பிறந்தவர் இன்னும் எத்தனை மாலைக்குப் பெயர் சொல்லுவார்? வகுப்பிலே ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவரிடம் சென்று, அவர் நினைவில் வைத்திருக்கும் இறந்தோரின் பெயரை எழுதி வரட்டும். எழுவான்கரை மாணவன் படுவான்கரை மாணவனின் ஏட்டைப் படிக்கட்டும். தமிழ்ப் பிள்ளையின் ஏட்டை முஸ்லிம் பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையின் ஏட்டைத் தமிழ்ப் பிள்ளையும் படிக்கட்டும். அதில் கடவுள் பெயர் வந்தால் நாம் முகஞ் சுளிக்க வேண்டுவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி எவரேனும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்ப்போம்.

அந்தப் பேரன் இப்போது ஆசிரிய கலாசாலையிற் பயிலுகிறான். கோயிலுக்கு அவன் போவதில்லை. அம்மம்மாவின் பார்வை மங்கிவிட்டதால், செபம் முடிந்த பின் பெயர்களைப் படிப்பவன் அவனே. ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். புடவைக் காக்காவின் பெயர் அதிலே ஒன்பதாவது.